கொடி கட்டாத வீட்டு எண்கள்

குடியிருப்போர் குழுவில் சுற்றிய அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீங்க. சுதந்திர தினத்தன்று பால்கனியில் கொடி கட்டாத வீடுகளின் எண்கள், எல்லாம் சிவப்பு எழுத்தில். 'சும்மா நினைவூட்டல்தான்' என்று விளக்கம் வேறு. நினைவூட்டலுக்கு எதுக்குங்க சிவப்பு?

தேசப் பெருமிதம் பங்கு கொடுத்தால் வளரும், தலை எண்ணினால் வளராது. இதைத்தான் அங்கேயும் எழுதினேன். 'நீ எந்த நாட்டுக்காரன்?' என்று பதில் வந்தது. சரி.

1974-க்கு முன்பு ஆகஸ்ட் 15 அன்று மாநிலங்களில் கொடி ஏற்றியவர்கள் ஆளுநர்கள். முதல்வர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் கலைஞர். நாம ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் கோட்டையில் கயிற்றை இழுக்கும்போது அந்த விழாவில் நமக்கும் ஒரு கை இருக்கு. பங்கு என்றால் இதுதான்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். கொடியை விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரண்டு பக்கமும் உள்ளே மடக்கினால் சக்கரம் மட்டும் மேலே தெரியும். பூவிதழ் வைத்துக் கட்டுவது வேற மடிப்பு, அதில்தான் சொதப்பல். சுருட்டியபிறகு எந்த நுனி காவிப்பக்கம் என்று தெரியாது. அடையாளம் வைக்காமல் கம்பத்துக் கயிற்றில் மாற்றிக் கட்டினால் பச்சை மேலே போய் நிற்கும். உருவு முடிச்சுக்குப் பதில் இறுக்கிக் கட்டிவிட்டால் தலைமையாசிரியர் எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. ஈர இதழ் துணியோடு ஒட்டிக்கொள்ளும். முந்தின நாளே இதைச் செய்துபார்க்கும் பிள்ளைக்குக் கொடி ஆயுசுக்கும் சொந்தம். வெயிலில் நிறுத்தி 'அசையாதே' என்று அதட்டப்பட்ட பிள்ளைக்கு மிட்டாய் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

'அரசியல் சட்டத்திலேயே இருக்கு' என்கிறார் ஒருத்தர். இருக்கு, குடிமக்களின் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவு. கொடியையும் கீதத்தையும் மதிக்கணும் என்று இருக்கு. வீட்டில் கட்டணும் என்று இல்லை. கொடி பறக்கவிடுவது குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. உரிமைங்க, ஹாஜர் பதிவேடு இல்லை. கீதம் பாடாமல் எழுந்து மட்டும் நின்றதற்காக நீக்கப்பட்ட கேரள மாணவர்கள் மூவரைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான், 1986-ல். தியேட்டரில் கீதம் கட்டாயம் என்று 2016-ல் போட்ட உத்தரவை 2018 ஜனவரியில் அதுவே தளர்த்திக்கொண்டது.

சட்டம் பேசுகிறவர்கள் குழுவில் போட்ட படங்களையும் பார்த்தேன். செங்குத்தாகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வரணும். பாதிப் பேர் வலப்பக்கம். ஒரு கொடியில் வாழ்த்துச் செய்தியே அச்சிட்டிருக்கு. கொடியில் எழுத்து கூடவே கூடாது. கிழிந்தது, அழுக்கானது பறக்கக் கூடாது, மறைவாக, முழுசாக, மரியாதையோடு அழிக்க, முடிந்தால் எரிக்கச் சொல்கிறது கொடி விதித்தொகுப்பு. 16-ஆம் தேதி குப்பைத்தொட்டியில் கிடந்ததற்கு எந்த நிறத்தில் எழுதினீங்க?

'ஊரே கட்டும்போது ஒரு சிலிர்ப்பு வருமே?' நியாயமான கேள்வி. வரும், எனக்கும் வரும். ஆனா தானா வந்தால்தான் அது சிலிர்ப்பு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கினபோது யார் யாரை எண்ணினாங்க? திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று தெரிஞ்சதும் முகம் தெரியாதவங்க எல்லாம் 'நம்ம பையன்' என்று கொண்டாடினாங்களே, அதுக்கு எந்தக் குழு சுற்றறிக்கை விட்டது?

எல்லையில் நிற்கும் வீரரை இந்தப் பேச்சுக்குள் இழுப்பவர்களுக்குப் பதில் இல்லை. அவர் உங்க பால்கனியைக் காவல் காக்கப் போகவில்லை.

இன்னொருத்தர் கொடிகாத்த குமரன் படத்தைப் போட்டு 'வெட்கமா இல்லையா' என்கிறார். அதுதான் சுருக்குனு இருந்தது. 1932 ஜனவரியில் குமரன் விடாமல் பிடித்திருந்த கொடியில் அசோகச் சக்கரம் கிடையாது, ராட்டை. இன்றைய கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. வெள்ளைக்காரன் போலீஸ் தடியால் அடித்தது அந்தக் கொடியைத் தூக்கக் கூடாது என்பதற்காக. தூக்கு என்று சொல்லி யாரும் அவர் வீட்டுக் கதவில் குறி போடவில்லை.