எலும்பு உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லையாம்!

“விளையாடும்போது ஏற்படும் காயம், ஊனம், உயிரிழப்பு எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.” டிராம்போலின் பார்க்கில், அதாவது துள்ளி எகிறும் விரிப்பில் குதித்து விளையாடும் இடத்தில், நாலு வயசுக் குழந்தையைக் குதிக்க விடுவதற்கு முன்னால் அதன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் வாசகம் இது. அதுவும் பொடி எழுத்தில், இங்கிலீஷில். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூர் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்றில்கூட அந்த ஃபார்ம் கிடையாது. பின்னால் க்யூ நிற்கிறது, பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது, கவுண்டரில் இருக்கும் பையன் “இங்க ஒரு சைன் போடுங்க மேடம், சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்கிறான். யார் படிப்பார்கள்?

சாக்ஸ் விஷயத்தில் மட்டும் கறார். வீட்டிலிருந்து கொண்டு போனது செல்லாது, அவர்களிடமே கிரிப் சாக்ஸ் வாங்க வேண்டும், கேட்டால் பாதுகாப்பாம். இவ்வளவு பாதுகாப்பு பார்க்கிறவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள்? ஒரே விரிப்பில் நாலு வயசு வாண்டும் பதிமூன்று வயசுப் பையனும் சேர்ந்து குதிக்கிறார்கள். விசில் ஊத வேண்டிய ஆள் மூலையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் தங்கச்சி மகளுக்கு நடந்தது இதுதான். பெரிய பையன் பக்கத்தில் வந்து தொப்பென்று இறங்கினான், இவள் தூக்கி எறியப்பட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் குதிக்கத்தானே காசு கட்டி வந்தான். மேனேஜரிடம் கேட்டால் ஃபார்மை எடுத்துக் காட்டுகிறார். “மேடம் சைன் பண்ணியிருக்காங்களே சார்.” அப்புறம் பெரிய மனசு பண்ணி, அடுத்த தடவை ஒரு மணி நேரம் ஃப்ரீ என்றார். காலில் கட்டோடு என்ன குதிப்பது?

இது எதிர்பாராத விபத்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. கனமான ஆள் இறங்கும்போது விரிப்பு அமுங்கி மேலே எகிறும். அதே நொடியில் குழந்தை கீழே வந்தால், எகிறும் விசை முழுவதும் அந்தச் சின்னக் காலில்தான் ஏறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே எழுதிவிட்டது: டிராம்போலின் காயங்களில் முக்கால்வாசி, ஒரே விரிப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போது நடப்பவை. கூடக் குதிக்கும் கனமான ஆளைவிட எடை குறைந்த பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு 14 மடங்கு வரை அதிகம். இந்த மாதிரி பார்க்குகளுக்கென்றே ஐஎஸ்ஓ 23659 என்று ஒரு சர்வதேசத் தரநிலை 2022-இல் வந்தாயிற்று. ஒரு விரிப்புக்கு ஒரு பிள்ளை, சின்னதுகளுக்குத் தனி இடம், கண்ணை எடுக்காத ஒரு ஆள். இதற்கு ராக்கெட் விஞ்ஞானமா வேண்டும்? ஆள் சம்பளம் மிச்சம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்தக் கையெழுத்துக்கு வருவோம். நம் ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் வருஷத்தது. பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23-ஆவது பிரிவு. 18 வயசு ஆகாத பிள்ளை போடும் ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை என்று பிரிட்டிஷ் காலத்து உச்ச கோர்ட்டான பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பு சொல்லிவிட்டது, ஆக பத்தாவது படிக்கும் பையனிடமே கையெழுத்து வாங்குகிறார்களே, அது வெறும் காகிதம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ அலட்சியத்தையும் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக இவர்கள் அலட்சியம் இல்லாமல் போய்விடுமா? குஜராத் ராஜ்கோட்டில் 2024 மே 25 அன்று கேம் ஜோன் என்ற விளையாட்டு அரங்கம் எரிந்து 27 பேர் செத்தார்களே, அங்கேயும் இதே மாதிரி ஃபார்மில் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விட்டார்கள். தீயணைப்புத் துறை தடையில்லாச் சான்று மட்டும் இல்லை.

இந்த ஃபார்ம் கோர்ட்டுக்காக எழுதியதே இல்லை என்பதுதான் என் கட்சி. “நாமே கையெழுத்துப் போட்டோமே” என்று நினைத்து நாம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அதற்காக எழுதியது. வீட்டிலும் அதே பாட்டுதான். “விடு மாப்ள, குழந்தைன்னா விழத்தான் செய்யும், புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்” என்கிறார் ஒரு பெரியப்பா.

விடுவதாக இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும், நாம் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் சொல்லலாம். ஃபார்மின் நகல் கேட்டதற்குத் தர மாட்டோம் என்றார்கள். தங்கச்சி கையெழுத்துப் போடும்போதே அதை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். எக்ஸ்ரே, பில், அந்தப் படம் மூன்றையும் சேர்த்து மனு எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் கொடுக்கிறோம்.