நரகத்தைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். 1911-இல் வந்த இத்தாலியப் படம் 'லின்ஃபெர்னோ', அதாவது 'நரகம்'. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இதையெல்லாம் இப்ப ஏஐ ரெண்டு நிமிஷத்தில் செஞ்சிடும்" என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டல் வேறு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

காட்டுவதானால் முழுசாகக் காட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிய நரகத்தை, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரேயின் சித்திரங்களை முன்மாதிரியாக வைத்துக் காட்சி காட்சியாக அமைத்த படம் அது. ஒரே ஃபிலிம் சுருளில் இரண்டு முறை படம்பிடித்து ஆவிகளைக் காற்றில் மிதக்கவிட்டார்கள். வெட்டுண்ட தன் தலையைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவன் நிற்பான். அந்த இடத்தில்தான் அரங்கில் சிரித்தார்கள். என் அக்கா மகளுக்கு அதே காட்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். "அந்தத் தலைக்கு வலிக்குமா மாமா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

"கேமரா நகரவே இல்லையே, போரடிக்காதா?" என்பீர்கள். சரி, நகரவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான். "சத்தமே இல்லையே" என்றும் ஒருவர் குறைப்பட்டார். மௌனப்படத்தை இசையில்லாமல் போடச் சொன்னது யார்? அன்றைய அரங்குகளில் பியானோ வாசித்தார்கள், பெரிய ஊர்களில் வாத்தியக் குழுவே இருந்தது. இசையைப் பிடுங்கிவிட்டுப் படத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான் உகோலினோ வருகிறான். பிள்ளைகளோடு கோபுரத்தில் அடைபட்டுப் பட்டினியில் செத்தவன். அந்தப் பழைய கதையை ஃப்ளாஷ்பேக்காகவே காட்டுகிறார்கள், 1911-இல்! கடைசியில் சாத்தான் லூசிஃபர், வாயில் ஒரு பாவியைக் கவ்விக்கொண்டு. அங்கே வந்திருந்த யாரும் இதைப் பார்க்கவில்லை.

"பழைய படத்துக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். ஆமாம், இவ்வளவு கோபம்தான். மகாபாரதத்திலிருந்து நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் கீசகனைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. இத்தாலிக்காரர்கள் பத்திரப்படுத்தி, சுத்தம் செய்து கையில் கொடுத்ததையாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கக் கூடாதா?

அடுத்த மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முழுப் படத்தையும் இசையோடு போடுகிறேன். சிரித்தவர்களும் வரலாம். லூசிஃபர் வரும்வரை எழுந்து போகக் கூடாது.