கையுறை போட்டால் பட்டன் தெரியாது

ஜனவரி விடியலில் மூணாறு வானத்தில் மேகமே இருக்காது. சுமார் 35,000 அடி உயரத்தில் போகிற விமானங்கள், நமக்குச் சூரியன் தெரியும் முன்பே வெயில் பட்டு மின்னும். பின்னால் வெள்ளைக் கோடு வேறு. எஞ்சின் விடுகிற நீராவி அங்கே மைனஸ் 40 டிகிரிக்கும் கீழான குளிரில் உறைவதால் வருவது அது. படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் கை?

மூணாறை ஒட்டிய கன்னிமலை, செண்டுவாரை பக்கம் புல்லெல்லாம் உறைபனி படிகிற குளிர். கடையில் கிடைக்கிற கம்பளிக் கையுறையைப் போட்டால், ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினோமா முழுசாக அழுத்தினோமா என்றே தெரியாது. கழற்றினால் கேமராவை நிறுத்துகிற அலுமினிய முக்காலி விரலைக் கடிக்கிறது. லென்ஸ் மூடி நழுவித் தேயிலைச் செடிக்குள் விழுந்தால் போச்சு, ஈரத்தில் துழாவி எடுப்பதற்குள் விமானம் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிவிடும்.

அப்புறம் பேட்டரி. குளிரில் அதற்குள் நடக்கிற வேதிவினை மந்தமாகி, சார்ஜ் சட்டென்று இறங்குகிறது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் கொஞ்சம் உயிர் வரும்.

எல்லாவற்றையும்விட எரிச்சல், “உள்ள வந்து டீ குடிங்க தம்பி” என்று கடைக்காரர் அன்பாகக் கூப்பிடும்போது சட்டென்று போக முடியாததுதான். பாய்லர் ஆவிக்குள் குளிர்ந்த கேமராவோடு நுழைந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். முதலில் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டியாக வேண்டும், அதுவும் மரத்துப்போன விரல்களால். விரல் நுனி மட்டும் திறந்து மூடுகிற கையுறையை இந்த மலைக்கடைகளில் வாங்கி வைத்தால் என்னவாம்?