பதினோரு துவாரங்களும் ஒரு துணைவிதியும்

சென்னையின் தென்புறநகரில் இருக்கும் எங்கள் தெருவில், ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கணுக்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள்கள் வடியாமல் நிற்கும். குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் மனுவுக்கு மேல் மனு கொடுத்தோம். அவற்றில் நான்கை நானே எழுதினேன். வடிகால் போதவில்லை, அகலப்படுத்தித் தாருங்கள் என்பதே எல்லாவற்றின் சாரமும்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் பெரியவரிடம் ஒருநாள் சட்டைகளை வாங்கப் போனபோது, அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வடிகால்ல தண்ணியே ஓடல சார். உள்ள போக வழி இருந்தாத்தானே ஓடும்? பதினோரு ஓட்டையில ஏழு, வீட்டு வாசல் சறுக்குக்கு அடியில கிடக்கு." நாள் முழுவதும் தெருவைப் பார்த்தபடி நிற்பவர் என்பதால் எண்ணியே வைத்திருந்தார். அந்த ஏழில் ஒன்று, காரை ஏற்றுவதற்காக நான் போட்ட சிமெண்ட் சறுக்கின் அடியில் இருந்தது.

பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தெருவில் நிற்கும் அவர் எங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, ஆகவும் முடியாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தபோது, சொந்த வீடு உள்ளவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று துணைவிதியில் எழுதிக்கொண்டவர்கள் நாங்களேதான். வாடகைக்கு இருப்போர், பின்சந்தின் ஓட்டு வீடுகளில் இருப்போர், தெருவைப் பெருக்குவோர் என யாருக்கும் இதில் இடமில்லை. பெயரில் மட்டும் 'குடியிருப்போர்' இருக்கிறார்கள்.

1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கியபோது பரவிய முறை மிக எளியது: வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை, ஒரு மூன்றுசக்கர வண்டி, வீடு வீடாகச் சென்று குப்பை வாங்க ஓர் ஆள். அந்த ஆளைக் குப்பைக்காரர் என்று அழைக்காமல், தெருவை அழகுபடுத்துபவர் என்று பெயரிட்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் 'குப்பைக்காரர் வரவில்லை' என்றுதான் செய்தி வருகிறது.

ஊர்ப் பணிகளின் செலவை அரசும் மக்களும் பகிர்ந்துகொள்ளும், 2021இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும். நல்ல திட்டம்தான், ஆனால் பங்குத்தொகையைத் திரட்ட முடிகிற தெருவுக்குப் பூங்காவும் விளக்கும் முதலில் வந்துவிடும் என்ற தயக்கம் எனக்கு உண்டு. அதனால்தான், 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று தமிழக நகரங்களில் தொடங்கிய, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வசிப்பவர்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களை நான் கூடுதலாக மதிக்கிறேன். பேசுவதற்கு அங்கே யாரும் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதில்லை. நான் போன கூட்டத்தில், பின்சந்தில் வாடகைக்கு இருக்கும் ஓர் அம்மா, எந்த மின்கம்பத்தின் அருகே தண்ணீர் முதலில் தேங்குகிறது, எத்தனை மணி நேரத்தில் அது அவர் வீட்டு வாசற்படியைத் தொடுகிறது என்று கணக்காகச் சொன்னார். எங்கள் சங்கத்தின் கோப்பில் இல்லாத தகவல் அது.

பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையுடன் இறங்கினோம். கூலிக்கு இருவரை வைத்திருந்தோம். பின்சந்து இளைஞர்கள் அழைக்காமலே வந்தார்கள். முதலில் என் வீட்டுச் சறுக்கைத்தான் உடைக்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன் (என் மனைவிக்கு அதில் இன்னமும் மனத்தாங்கல்). அடியில் கிடந்த துவாரத்திலிருந்து இரண்டு சட்டி வண்டலும், பால் கவர்களும், தேங்காய்ச் சிரட்டைகளும், எப்போதோ தொலைந்த ஒரு குழந்தையின் செருப்பும் வந்தன. ஐந்து வீடுகளில் திறந்தாயிற்று. இரண்டு வீட்டார் இன்னும் சம்மதிக்கவில்லை, அவர்களில் ஒருவர் சங்கத்தின் நிர்வாகி. அடுத்த மழையில் மாலை தேங்கிய தண்ணீர் மறுநாள் விடிவதற்குள் பெரும்பாலும் வடிந்திருந்தது. வடிகாலின் அகலம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை.

உறுப்பினர் தகுதியைப் பற்றிய துணைவிதியைத் திருத்தும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் முன்மொழிகிறேன். வழிமொழிய இதுவரை ஒருவர் கிடைத்திருக்கிறார்.