ஆம்பில் ஸ்டாண்ட்பை ஸ்விட்ச்சை (வால்வுகளைச் சூடாகவே விட்டுவிட்டு உயர் வோல்டேஜை மட்டும் நிறுத்திவைக்கும் ஸ்விட்ச்) கண்ட இடத்தில் வைக்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

நேற்று ராத்திரி மறுபடியும் அதே கதை. டியூப், அதாவது வால்வு, கிட்டார் ஆம்ப் ஒன்று, ஃபியூஸ் கருகிய நிலையில் என் மேசைக்கு வந்தது. புது ஃபியூஸ் போட்டு பவரைத் தட்டினேன். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர்கள் எரிந்தன, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஸ்டாண்ட்பையைப் போட்டு உயர் வோல்டேஜைக் கொடுத்ததுதான் தாமதம், ஜிஇசட் 34 ரெக்டிஃபையருக்குள் (ஏசியை டிசியாக்கும் வால்வு) பளிச்சென்று ஒரு நீல வெட்டு, 'டப்', ஃபியூஸ் போச்சு. கொண்டுவந்தவர் அடித்துச் சொல்கிறார்: "ரெண்டு நிமிஷம் சூடாக்காம நான் ஒரு நாளும் ஸ்டாண்ட்பையைப் போட்டதில்லைங்க." அவர் சொல்வது உண்மைதான். கம்பெனி சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். அப்படிச் செய்ததால்தான் ரெக்டிஃபையர் செத்தது!

திறந்து பார்த்தால், ஸ்விட்ச் ரெக்டிஃபையருக்கும், டிசியைத் தேக்கிச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஜிஇசட் 34 மெதுவாகச் சூடேறும் வால்வு. அதன்போக்கில் விட்டால் சூடு ஏற ஏற கெபாசிட்டரையும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிவிடும். நடுவில் ஸ்விட்ச் வந்தால் என்ன ஆகும்? ரெக்டிஃபையர் முழுச் சூட்டில் காத்திருக்கிறது, கெபாசிட்டர் காலியாக இருக்கிறது. காலி கெபாசிட்டர் அந்த நொடியில் ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தப் பாவப்பட்ட வால்வுக்கு ஓர் அடி.

கேட்டால், வால்வைக் காப்பாற்றத்தான் ஸ்டாண்ட்பை என்கிறார்கள். கேத்தோடு (வால்வுக்குள் சூடாகி எலக்ட்ரான்களை உமிழும், பூச்சுள்ள முனை) சூடாகும் முன் உயர் வோல்டேஜ் வந்தால் பூச்சு உரிந்துவிடுமாம். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடும் பெரிய டிரான்ஸ்மிட்டர் வால்வுகளின் கவலை அது. 400, 450 வோல்ட் ஆம்பில் அதற்கு என்ன வேலை? வீடுகளில் வருடக்கணக்கில் பாடிய வால்வு ரேடியோக்களில் ஸ்டாண்ட்பையா இருந்தது? உண்மையில், மின்னோட்டமே இல்லாமல் ஹீட்டரை மட்டும் மணிக்கணக்கில் எரியவிட்டால்தான் கேத்தோடுக்குக் கேடு. பூச்சுக்கு அடியில் மின்தடைப் படலம் வளரும். வால்வுக் கணினிகளைக் கட்டியவர்கள் படாத பாடு பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

சரி, ஸ்விட்ச்சைக் கெபாசிட்டருக்குப் பிறகு வைத்தால் தீர்ந்ததா? அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கொதிக்கிறது. போன மாதம் வந்த இன்னொரு ஆம்ப்: ஸ்டாண்ட்பையையும் பவரையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆகியிருந்தது. மீட்டரை வைத்தால் முதல் கெபாசிட்டரில் 380 வோல்ட்! வால்வுகள் வழியாக வடிந்துபோயிருக்க வேண்டிய சார்ஜை அந்த ஸ்விட்ச் அடைத்து வைத்திருக்கிறது. வடிகாலாக 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டிருக்கலாம். போடவில்லை. மீட்டர் வைக்காமல் யாராவது கை வைத்திருந்தால்?

இதில் ஸ்விட்ச்சையும் பாருங்கள். ஏசி 250 வோல்ட்டுக்கான சாதாரண டாகிள். அது இங்கே அறுப்பதோ டிசி. டிசி, ஏசி மாதிரி நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடாது, அதனால் தொடுமுனையில் பொறி கிளம்பினால் லேசில் அணையாது. முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

நேரடி இணைப்புள்ள கேத்தோடு ஃபாலோயர் (முந்தைய வால்வின் வெளியீட்டை நேராகவே வாங்கும் வால்வுச் சுற்று) இருந்தால் மட்டும், வால்வு குளிர்ந்திருக்கும்போது அதன் கிரிட்டில் (வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) முழு வோல்டேஜும் ஏறும் என்பது நியாயமான கவலை. அதற்கும் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே ஒரு டயோடு போதும்.

இடைவேளையில் சத்தம் வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? சிக்னலை மட்டும் கிரவுண்டுக்கு இழுக்கும் ம்யூட் போதும். ஸ்டாண்ட்பையை விட மனமில்லை என்றால், ஸ்விட்ச்சுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டராவது போடுங்கள், கெபாசிட்டர் ஓரளவு முன்கூட்டியே நிரம்பும்.

நேற்று வந்ததில் அந்த ஸ்விட்ச்சை ம்யூட்டாக மாற்றிவிட்டேன். ஆனால் புது ரெக்டிஃபையருக்கு அவர் கைக்காசுதான் போனது. சொன்னபடி கேட்டு நடந்த மனுஷர். எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.