பாம்புக்குப் பயப்படும் இருளர்

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் கேட்டு வந்த எங்கள் இருளர் பையனிடம், "இருளர் என்கிறாயே, பாம்பு பிடிப்பாயா?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பையனும் சேர்ந்து சிரித்தான் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஐயா, ஒரு தகவல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பாம்பு பிடிப்பது குற்றம். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் எங்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரே வனத்துறை அனுமதித்த அளவுதான் பிடிக்க முடியும். ஆக, எங்கள் பையன் பாம்பைப் பிடித்துக் காட்டினால் குற்றவாளி, காட்டாவிட்டால் இருளரே இல்லை. 2023இல் பாம்பு பிடிக்கும் எங்களில் இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது என்னமாய் வாழ்த்தினீர்கள்!

நாங்கள் யார் என்ற சந்தேகம் சான்றிதழ் கேட்கும்போது மட்டும்தான் அரசுக்கு வருகிறது. ஊரில் ஒரு கொலுசு காணாமல் போனால் போலீஸ் வண்டி நேராக எங்கள் குடியிருப்புக்கு வரும். அன்று யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

என் அப்பாவுக்குப் பாம்பென்றால் நடுக்கம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெல் அவிப்பது, களத்தில் காயப்போடுவது. எட்டாயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு ஓர் அரிசி ஆலையில் நான்கு வருடம் கிடந்தோம். பாட்டி செத்தபோது, அம்மா மட்டும் போய்வரட்டும், பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும் என்றார் முதலாளி. கொத்தடிமை முறையை 1976லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள் என்று பிறகு பள்ளிப் புத்தகத்தில்தான் படித்தேன். அந்த முதலாளிக்கு எங்களை இருளர் என்று அடையாளம் காண ஒரு நொடி போதுமாயிருந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஏழு நடை போதவில்லை.

ஏழு நடை என்றால் அம்மாவுக்கு ஏழு நாள் கூலி. பட்டியல் சாதியினருக்குத் தாசில்தார் கொடுப்பதை எங்களுக்கு 1989இலிருந்து கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். தாத்தாவின் பத்திரம் எங்கே என்றார்கள். தாத்தா ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர். சான்றிதழ் கைக்கு வந்தபோது கல்லூரிக் கலந்தாய்வு முடிந்திருந்தது.

"போலிச் சான்றிதழ் பெருகிவிட்டது, விசாரிக்காமல் எப்படிக் கொடுப்பது?" நியாயமான கேள்வி. போலிகளால் இடம் பறிபோவதும் எங்களுக்குத்தான். ஆனால் போலிக்காரர் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வருகிறார், எங்களிடம் காகிதம்தான் இல்லை. விசாரியுங்கள், குடியிருப்புக்கு வாருங்கள், கிழவிகளிடம் பேசுங்கள். எல்லா அதிகாரிகளும் அப்படியல்லவாம். தெரியும். நல்லவர்களும் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். "அவர்களுக்கே அக்கறையில்லை" என்று எங்களைப் பற்றி எழுதியவரை நட்பிலிருந்து நீக்கிவிட்டேன். அவருக்கெல்லாம் பதில் கிடையாது.

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு கோபமா என்கிறீர்களா? 2022 அக்டோபரில் மகனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காத ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். அந்தக் காகிதம்தான்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூன் 20. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து மலையாளி எனப்படும் தமிழ்நாட்டு மலைப் பழங்குடிகளின் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்களைச் சீரழித்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2011இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். வருவாய்த்துறை என்று கவனித்தீர்களா? சான்றிதழ் தருவதும் அதே துறைதான். அன்றைக்கு அந்த மக்களிடம் யார் போய் 'நீ பழங்குடிதானா' என்று கேட்டார்கள்?

இப்போது அண்ணன் மகளுக்குச் சான்றிதழ் வேண்டும். என்னிடம் இருக்கிறது, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அண்ணனிடம் இல்லை. அத்தையுடையது செல்லாதாம். நானும் அவனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி போகிறோம். அண்ணன் சூளையில் ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை.