காற்றின் பெயரைத் திருடிவிட்டார்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும். வலை பொத்திய நேரம் போக மிச்ச நேரம் முழுவதையும் ஒரு கணினிப் படகு விளையாட்டுக்கு மோட், அதாவது விளையாட்டை நம் விருப்பப்படி மாற்றும் நிரல், எழுதுவதில் செலவழித்தேன். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, ஒருவர் தனியாக ஆடுவது. அதில் கடல் அழகு. காற்றுதான் சுத்தப் பொய். எந்த மாதமானாலும் ஒரே திசை, ஒரே வேகம்.

பாம்பனில் பிறந்தவன் அதைச் சகித்துக்கொள்ள முடியுமா? எங்கள் பாலத்துக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்போம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் தெற்கே அலை ஆளை விழுங்கும், வடக்கே குளம்போலக் கிடக்கும். வடகிழக்கு வாடையில் அப்படியே தலைகீழ். அதைத்தான் எழுதினேன். தங்கச்சிமடத்திலிருந்து வந்த அக்காள் மகன் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நம் கடல்" என்றான்.

தடை முடிந்த முதல் வாரத்திலேயே புதுப்பிப்பு வந்தது. மோட் செத்துவிட்டது. நிரலைப் பிரித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. உள்ளே இருந்த பெயர்களை எல்லாம் விளையாட்டை வெளியிட்டவர்கள் வேண்டுமென்றே குழப்பி வைத்திருக்கிறார்கள். 'விண்ட்ஃபோர்ஸ்' (காற்றின் விசை) என்று கண்ணாடிபோல இருந்த பெயர் இப்போது 'ஏ'. அலையின் உயரம் 'பி'. நிரலின் அந்த ஒரு பகுதியில் மட்டும் 'ஏ' என்ற பெயரில் பதினொரு செயற்கூறுகள், ஆளுக்கொரு வேலை செய்யும் துண்டுகள்! ஒன்று ஓர் எண்ணை வாங்குகிறது, இன்னொன்று இரண்டை வாங்குகிறது, மற்றொன்று எதையும் வாங்குவதில்லை. எது காற்று, எது நங்கூரம்? படகு கிளம்பாத நான்கு இரவுகள் விழித்து மூன்றே மூன்றை அடையாளம் கண்டேன். அடுத்த புதுப்பிப்பில் பெயர்களை மறுபடி கலைத்தால் அதுவும் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

கேட்டால், திருட்டுப் பதிப்பைத் தடுக்கிறார்களாம். யாரிடம் கதை சொல்கிறார்கள்? பூட்டை உடைக்கிறவனுக்குப் பெயர் எதற்கு? உரிமத்தைச் சோதிக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே கைவைத்துவிட்டுப் போய்விடுவான். பெயரைக் குழப்புவது அவனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நூறு இடங்களைப் படித்து, புரிந்து, எதுவும் உடையாமல் தொட வேண்டியவன் மோட் எழுதுகிறவன். அடி முழுவதும் அவன் முதுகில்தான் விழுகிறது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஏமாற்று வேலை நடக்கும், அதைச் சர்வரில் சோதிக்க வேண்டும். தனியாக ஆடுகிற ஆட்டத்தில் நான் யாரை ஏமாற்றப் போகிறேன்?

1993இல் வந்த 'டூம்' விளையாட்டு தன் வரைபடங்களையும் படங்களையும் தனிக் கோப்பில் வைத்தது, பிறர் மாற்றிக்கொள்ளட்டும் என்றே. 1997இல் மூல நிரலையே வெளியிட்டார்கள். 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' 1999இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதிய மோட். மறு ஆண்டே 'ஹாஃப்-லைஃப்' தயாரித்த வால்வ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் ஜாவா பதிப்பில் பல ஆண்டுகள் இதே பெயர்க் குழப்பம் இருந்தது. ரசிகர்கள் பதிப்புக்குப் பதிப்பு உட்கார்ந்து பெயர் அகராதி தொகுத்தார்கள். 2019இல் அதைத் தயாரித்த மோஜாங் நிறுவனமே அந்தப் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது; 2025இல் இனிக் குழப்பவே மாட்டோம் என்று அறிவித்தது. யார் குடி முழுகிப்போயிற்று?

என் ஆத்திரமெல்லாம் இதுதான்: பெயரைக் குழப்பும் கருவிகள், எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பட்டியலையும் எழுதித் தரும். அது கையில் இல்லாவிட்டால் அவர்களுடைய பிழை அறிக்கை அவர்களுக்கே புரியாது. அந்தக் கோப்பை மட்டும் கொடுங்கள் என்று இரண்டு முறை எழுதினேன். "கவனத்தில் கொண்டோம்" என்று இரண்டு முறையும் ஒரே பதில். மூலநிரலையா கேட்டேன்? காற்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன்!

அக்காள் மகன் தினமும் தொலைபேசியில் கேட்கிறான். நாளைக்குக் கடலுக்குப் போகப் படகுக்கு அனுமதி டோக்கன் வாங்கியாயிற்று. கரை திரும்பியதும் நான்காவது பெயரைத் தேட வேண்டும்.